மாறுனத மட்டும் சொல்லு

ஏட்டி, இன்று காலை நம் லேபின் பூந்தமல்லிக் கிளையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பதறாதே, வருடத்துக்கு ஒரு முறை கொடுப்பதுதான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயம் காட்டி வைத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பசி வந்தால் நான் எப்படி இருப்பேன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? மெட்ரோ தூண் ஓரத்தில் நகராமல் நின்றதற்கு ஆட்டோக்காரரோடு ஒரு சண்டை. டோக்கனை மீறி முன்னால் போய் நின்ற பெரிய மனுஷரோடு இன்னொரு சண்டை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தாள். சில்லென்று அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் போன இடம் தெரியவில்லை. உன் நைனாவின் கை கண்முன்னே வந்து நின்றது.

பில் போட்ட இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மணி எட்டரை இருக்கும். ஒரு காலத்தில் இந்த நேரத்துக்கு எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டர் திக்கித் திணறும், ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்குக் கவுன்டர் பெண் என் பெயரைத் தட்டி விரலை எடுப்பதற்குள் பில் வெளியே வந்து விழுந்தது. அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். நான் மட்டும் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தலை சுற்றுகிறதா மேடம் என்று கேட்டாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

அதனால் உன்னிடம் சொல்கிறேன், ஆரம்பத்திலிருந்து முழுசாக. இந்தத் தடவை நீ குறுக்கே பேச முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில்தான் உன்னை முதலில் பார்த்தேன். ஊரெல்லாம் கிளை போட்டு ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற அந்த லேபில் நம் இருவருக்கும் ஒரே நாளில் வேலை. அதன் டேட்டாபேஸை, அதாவது யாருக்கு என்ன பரிசோதனை, என்ன ரிசல்ட் என்று எல்லாம் பதிவாகியிருக்கும் அந்தப் பெரிய கிடங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், வீட்டில் இன்னும் திருநெல்வேலித் தமிழ். நீ மேனாம்பேடு. உன் தாத்தா காலத்தில் உன் வீட்டார் அயனம்பாக்கம் ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். உன் நைனா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்த்தார். இதையெல்லாம் முதல் நாளே, சமோசா ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாய். நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். அப்பாவுக்கு மாற்றல் வந்த கதையில் ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் டீ இடைவேளை முடிந்துபோனது. நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "இன்னாடி நீ, ஆவடிக்கே இன்னும் வந்து சேரல?" என்றாய்.

அன்று தொடங்கியது உன் தொல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருவாய். நீ இல்லாதபோது ஆபீசில் என்னவெல்லாம் நடந்தது என்று நான் ஆசையாக ஆரம்பிப்பேன். காலையில் ஏசி மெக்கானிக் வந்தது, அவர் ஏணி கேட்டது, செக்யூரிட்டி ஏணி இல்லை என்றது. அதற்குள் கையை நீட்டி நிறுத்துவாய். "எல்லாத்தையும் சொல்லாத. நான் போனப்புறம் மாறுனத மட்டும் சொல்லு." எனக்கு எரிச்சலாக வரும். கதை என்றால் வாலும் தலையும் வேண்டாமா? உனக்கு வேண்டாம். உனக்கு நேற்று வரைக்கும் எல்லாம் தெரியும், மிச்சத்தைக் கொடுத்தால் நீயே ஒட்டிக்கொள்வாய்.

கிடங்கு கெட்டால் மீட்பதற்காக நாம் எடுத்துவைக்கிற பேக்கப்புக்கு மட்டும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிடங்கு முழுவதையும் ஒரு பிரதி எடுப்போம். மற்ற நாட்களில் நேற்றிலிருந்து மாறியதை மட்டும் எடுப்போம். கேட்கிறவர்கள் அப்படியானால் சட்டென்று முடிந்துவிடுமே என்பார்கள். எங்கே முடிந்தது? கிடங்கு முழுவதும் பிளாக் என்று சின்னச் சின்ன அறைகள். எந்த அறையில் மாற்றம் என்று பேக்கப்புக்குத் தெரியாது. அதனால் தினமும் எல்லா அறையையும் திறந்து பார்க்கும். பார்த்துவிட்டு, ஆயிரத்தில் ஏதோ சிலதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடும். ராத்திரி மெஷின்களின் வேலை எல்லாம் முடிந்து விடிகிற நேரத்தில்தான் அதைத் தொடங்க முடியும். முடிய மதியம் நெருங்கிவிடும். அத்தனை நேரமும் டிஸ்க் மூச்சுத் திணறும். ஆவடியிலும் மேனாம்பேட்டிலும் வெறும் வயிற்றோடு நிற்கிற ஜனங்களுக்கு ஒரு பில் போட முடியாது.

மேனேஜரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சொன்னேன், நிறையவே சொன்னேன். இன்றைக்கு நானே பசியோடு அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். ஆவடிக் கிளையில் ஒரு பெரியவர் சுகர் டெஸ்டுக்கு வந்து, பில்லுக்குக் காத்திருந்து, நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். அவருடைய மகன் கவுன்டரைத் தட்டிக் கத்தியது தலைமை அலுவலகம் வரைக்கும் கேட்டது. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். வருகிற வாரத்திலிருந்து தினசரி பேக்கப் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எடுப்பது போதும் என்றார். நடுவில் ஏதாவது ஆனால்? லாக் இருக்கிறதே என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. நடக்கிற ஒவ்வொன்றும் லாக் கோப்புகளில் வரிசையாக எழுதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரதியை எடுத்து வைத்து, அதன்மேல் லாக்கை ஒவ்வொன்றாக ஓட்டினால் இழந்த இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கெட்டுப்போனால் அதோடு சரி. அதற்குப் பிறகு நடந்த எதுவும் திரும்பி வராது.

நீ அதைத்தான் சொன்னாய். சங்கிலி அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். அப்படி அறுந்தால் அந்தச் சில நாட்களுக்கு வந்தவர்களை மறுபடி கூப்பிட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளலாம், இலவசமாகவே செய்து கொடுத்துவிடலாம் என்றார். அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். உன் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்துவிட்டாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் உன் நைனாவுக்கு ரத்தம் எடுக்க நானும் கூட வந்திருந்தேன். சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்து படுத்தி, ஊசி குத்திக் குத்தி அவர் கையில் நரம்பே மிச்சமில்லை. ரத்தம் எடுக்கிற பையன் ஸ்பிரிட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினான். மடிப்பில் குத்தினான், வரவில்லை. மணிக்கட்டில் குத்தினான், வரவில்லை. புறங்கையில் குத்தினான். உன் நைனா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு குழாயில் கொஞ்சம் இறங்கியது. பையனுக்கு வியர்த்துவிட்டது. நீ அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். கீழே இறங்கி வந்ததும் எனக்கு அழுகை வந்தது, உனக்கு வரவில்லை, அதற்கும் என்னைத் திட்டினாய்.

மேனேஜர் அறையிலிருந்து வந்து உட்கார்ந்தபோது மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னாய்.

"கியூல பசியோட நிக்கிறதும் எங்க நைனாதான். மறுபடி வான்னு கூப்ட்டா கைய நீட்டப் போறதும் அவர்தான். ஒரு மனுசன் ஒரு தபா ரத்தம் குடுத்துட்டான்னா, தொலச்சிட்டோம், இன்னொரு தபா குடுன்னு கேக்க நமக்கு ரைட்ஸ் இல்லடி."

பேக்கப்பும் நிற்கக் கூடாது, வரிசையும் நிற்கக் கூடாது. உனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு தண்ணி எல்லாம் அதுதான்.

வழி காட்டியது உன் தெருவில் கேன் தண்ணீர் போடுகிற அண்ணன். அவர் முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, மணியடித்து, தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். பாதிப் பேருக்கு வேண்டாம். தெருக்கோடிக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். யாரோ சொல்லி, வேண்டுமென்பவர்கள் காலி கேனை வாசலில் வைப்பது என்று ஆனது. அன்று காலை நீ பல் தேய்த்துக்கொண்டு பார்த்திருக்கிறாய். அவர் தெருவுக்குள் நுழைந்தார், காலி கேன் நின்ற வீடுகளில் மட்டும் நின்றார், போய்விட்டார். நீ வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் எனக்குப் போன் போட்டாய்.

"ஏய், நம்ம டேட்டாபேஸ் வாசல்ல கேன் வெச்சா இன்னாடி?"

அந்த வசதி நம் டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தது, அதுதான் கொடுமை. யாரும் போடாத ஸ்விட்ச். நாம் இருவருமே அதைப் பற்றிப் படித்திருந்தோம், படித்துவிட்டு நமக்கெதற்கு என்று தாண்டிப் போயிருந்தோம். அதைப் போட்டுவிட்டால், ஏதாவது ஒரு பிளாக் மாறும்போதெல்லாம் ஒரு சின்னக் கோப்பில் இந்த இடம் மாறியது என்று ஓர் அடையாளம் விழும். பேக்கப் வரும்போது எல்லா அறையையும் திறக்கவேண்டியதில்லை. அந்தச் சின்னக் கோப்பைப் பார்த்து, அடையாளம் விழுந்த இடங்களுக்கு மட்டும் போனால் போதும். அடையாளம் போடுவதால் டேட்டாபேஸுக்கு ஆகிற கூடுதல் வேலை ஒன்றும் பெரிதில்லை. நீ மேனேஜரிடம் போய்க் கேன் அண்ணன் கதையைச் சொன்னாய். நாளைக் காலையே வித்தியாசத்தைப் பாருங்கள் சார் என்று வாக்கும் கொடுத்துவிட்டாய். நாளை என்று சொல்லாதே என்று நான் உன் காலை மிதித்தேன். நீ உன் காலை நகர்த்திக்கொண்டாய்.

மறுநாள் காலை, ஐயோ! ஒரு வித்தியாசமும் இல்லை. அதே இழுவை. போன் மேல் போன். மேனேஜர் நம் இடத்துக்கே வந்து நின்றார். கேன் காலியாகவே இருக்கிறதே என்றார். பின்னால் இருந்த பில்லிங் ஆட்கள் சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். அவர்களில் ஒருவன் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதுகூட நான் போகவில்லை, பார்த்துக்கொள்.

நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். அப்புறம் கையேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை எனக்காக வாய்விட்டுப் படித்தாய். பாதியில் நிறுத்தினாய். ஸ்விட்ச் போட்ட நிமிடத்திலிருந்துதான் அடையாளம் விழ ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் நடந்தது அந்தச் சின்னக் கோப்புக்குத் தெரியாது. அதனால் ஸ்விட்ச் போட்ட பிறகு, முழுசாக ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். அந்தப் பிரதிதான் பேஸ். அதிலிருந்து எண்ணினால்தான் அடையாளத்துக்கு அர்த்தம். நாம் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரதி ஸ்விட்சுக்கு முந்தியது. உன் தெருவிலும் அப்படித்தானே நடந்திருக்கிறது! முதல் நாள் எல்லா வீட்டுக்கும் ஒரு கேன் இறக்கிவிட்டுத்தான் அந்த அண்ணன் புது ஏற்பாட்டைத் தொடங்கினாராம். நீ அதைப் பார்க்கவில்லை. மாறியதை மட்டும் பார்த்தே பழகியவளுக்கு, முதலில் முழுசு வேண்டும் என்பது தோன்றவே இல்லை. அதைச் சொல்லி நான் சிரித்துத் தொலைத்தேன். அந்த நிலைமையிலும் நீயும் சிரித்தாய்.

ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நிறுத்துங்கள் என்றார். நீ அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாய். "சார், ஒரே ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க. திங்கக்கெழம காலைல மறுபடி கியூ நின்னுச்சுன்னா, நீங்க சொல்ல வேணாம், நானே நிறுத்திடறேன்." அவர் உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, சரி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் ஆபீசில் இருந்தோம். எஸ்டேட் முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. டீக்கடையும் இல்லை. உன் நைனா புளிசாதமும் வடகமும் கட்டிக் கொடுத்திருந்தார். திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். சாயங்காலம் முழுப் பிரதி முடிந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் வந்து தினசரி பேக்கப்பை ஓட விட்டோம். நான் பொங்கல் பார்சலின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நூல் சிக்கல் விழுந்திருந்தது. அதைப் பிரித்து நிமிர்ந்தால், முடிந்தது என்று திரையில் ஒரு வரி.

நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை. எங்கேயோ பிழை, எடுக்காமலே எடுத்ததாகச் சொல்கிறது என்றாய். சும்மா இருந்த பழைய மெஷின் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைப் பிரதியைப் போட்டு, அதன்மேல் அன்றைய மாற்றங்களைப் போட்டு, முழுப் பிரதி முடிந்த பிறகு ராத்திரியில் கடைசியாகப் பதிவான பெயர் இருக்கிறதா என்று தேடினாய். இருந்தது. மாற்றங்கள் எல்லாம் இருந்தன. அப்போதும் நீ நம்பவில்லை. மணி எட்டரை ஆனதும் மேனாம்பேட்டுக் கிளைக்குப் பரிசோதனைக்குப் போயிருந்த உன் நைனாவுக்குப் போன் போட்டாய். அவர் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தார். "இன்னிக்கு ஜல்தியா வுட்டுட்டாங்கம்மா. கடைல இட்லி துன்னுகினு கீறேன்" என்றார். நீ பாத்ரூமுக்குப் போய்விட்டு வெகு நேரம் கழித்து வந்தாய். கண் சிவந்திருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, பார்த்தாயா, எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

அப்புறம் சில மாதங்களில் அது வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஞாயிறு பிரதியைப் போட்டோம். வெறும் லாக்கை நம்பியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை லாக் கோப்பு ஒன்றைத் திறக்கவே முடியவில்லை. பிறகு திங்கள், செவ்வாய், புதன், அன்று காலை என்று தினசரி மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாய். கெட்டுப்போன லாக்கைத் தாண்டிப் போய்விட்டோம். காலைக்கு அப்புறம் நடந்த சொச்சம் புது லாக்கிலிருந்து வந்தது. பொழுது சாய்வதற்குள் கிளைகள் மறுபடி ரிப்போர்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டன. யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. யார் கையிலும் இரண்டாவது தடவை ஸ்பிரிட் படவில்லை. அப்படி ஒரு நாள் வந்து போனது அவர்கள் யாருக்கும் தெரியாது. மேனேஜர் வந்து உன் நாற்காலிக்குப் பின்னால் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் சொல்வதற்கு எனக்கு நன்றாக வருகிறது. இனிமேல்தான் வரமாட்டேன் என்கிறது.

உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. நம் லேபிலேயே ரத்தம் கொடுத்தாய். ரிசல்ட்டைப் பார்த்த நம் டாக்டரம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ரத்தப் புற்று. ஊர் ஊராக எத்தனை பேர் ரத்தத்தைக் காபந்து பண்ணியவளுக்கு இந்தக் கதியா என்று நான் கோயில் கோயிலாக நின்று சண்டை போட்டேன். நீ யாரோடும் சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம் அதே பழைய தொல்லைதான். படுத்தபடியே கையை நீட்டி நிறுத்துவாய். மாறியதை மட்டும் சொல்லு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். பூந்தமல்லியில் புதுக் கிளை. பில்லிங்கில் அந்தச் சிரிப்புக்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான். பேக்கப் சுகம். உன் நைனா சாப்பிட்டார். முடிந்தது. மீதி நேரம் நீ கண்ணை மூடிக்கொள்வாய், நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் கையும் நைனாவின் கைபோல ஆகிவிட்டிருந்தது. ஊசி குத்த இடமில்லை.

ஒரு மதியம் வந்தேன். உன் நைனா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போலச் சுருக்கமாக ஆரம்பித்தேன். நீ கையை நீட்டினாய். நிறுத்திவிட்டேன். மெல்ல, நடுவில் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய்.

"பேஸ் பழசாயிடுச்சிடி. மாறுனதயே அடுக்கிகினு கீறோம். இன்னிக்கி முழுசா எடு. மொதல்லேர்ந்து சொல்லு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய் ஓடவில்லை, எனக்கு! பிறகு சொன்னேன். எஸ்டேட் பஸ் ஸ்டாப், சமோசா, செங்கல்பட்டு ரயில். ரயில் இந்தத் தடவை ஆவடிக்கு வந்து சேர்ந்தது. ஏசி மெக்கானிக் ஏணி கேட்ட கதையை வாலும் தலையுமாகச் சொன்னேன். அந்த ஏணி கடைசியில் எங்கே இருந்தது என்று அன்றுதான் உனக்குத் தெரிந்தது. லேசாகச் சிரித்தாய். கேன் அண்ணன், காலை மிதித்தது, புளிசாதம், பொங்கல் நூல். நீ ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. வியாழக்கிழமை டிஸ்க் படுத்த இடத்தில் நீ தூங்கிவிட்டாய். நான் நிறுத்தப் பார்த்தேன். உன் நைனா, சொல்லும்மா, முடித்துவிடு என்றார். நீ தூங்க, அவர் கேட்க, அந்த அறைக்கு வந்த நிமிடம் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அதற்கப்புறம் உனக்கு நான் சொல்ல எதுவும் மாறவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

இப்போதும் நான்தான் அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் நீயும் இருக்கிறாய். உன் பெயர், வயது, காய்ச்சலோடு வந்து கொடுத்த அந்த ரத்தத்தின் எண்கள், அதற்கடுத்து மறுபடி மறுபடி கொடுத்தவை. அவை இருக்கிற பழைய பிளாக்குகளில் இனிமேல் யாரும் எதையும் எழுதப்போவதில்லை. அடையாளம் விழாது. வாசலில் கேன் இல்லாத வீடு. தினசரி பேக்கப் உன்னைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். இதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேக்கப் முடிந்தது என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உணர்ந்தேன். நீ கொண்டுவந்த வேகம்தான் உன்னைத் தாண்டிப் போகிறது. அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அன்றைக்கு முழுசு. ஓர் அறை விடாமல் திறந்து படிக்கும். வீட்டிலிருந்தே ஓட விடலாம், யாரும் போகவேண்டியதில்லை. நான் போகிறேன். வெறிச்சோடிய எஸ்டேட்டில் போய் உட்கார்ந்து தொடங்கி வைத்துவிட்டு, சதவீதம் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். அதில் எந்த இடத்தில் நீ வருகிறாய் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ வருகிறாய்.

பிறகு பூட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்கு, உன் வீட்டுக்குப் போகிறேன். நைனாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற உன் அத்தை சோறு போடுகிறாள். உன் நைனா கொஞ்சம் இளைத்திருக்கிறார், கை அப்படியேதான் இருக்கிறது. இந்த வாரம் ஆபீசில் என்ன ஆனது என்று நான் ஆரம்பித்தால் அவர் காதில் வாங்குவதில்லை. புதுசெல்லாம் அவருக்கு வேண்டாம். ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்கிறார்.

நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் குறுக்கே பேசுவதே இல்லை.